ஜென்னி பீவன் மாதிரி சினிமாவுக்கு உடை வடிவமைக்க ஆசை: செந்தூலிலிருந்து எங்கே தொடங்குவது?

செந்தூல் மலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் ஃபேஷன் டிசைன் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அம்மா வீட்டிலேயே தையல் எடுப்பவர். தீபாவளி நெருங்கிவிட்டால் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார இடம் இருக்காது, எங்கே பார்த்தாலும் ரவிக்கைத் துணிதான். கொக்கி வைப்பது, காஜா எடுப்பது, ஓரம் அடிப்பது எல்லாம் ஆரம்பப் பள்ளியில் இருக்கும்போதே எனக்குக் கைவந்துவிட்டது.

'க்ருயெல்லா' படம் பார்த்த அன்று, இந்த உடைகளை யார் செய்தது என்று தேடினேன். ஜென்னி பீவன் என்று வந்தது. அதே அம்மாதான் 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' படத்துக்கும் செய்தவர் என்று தெரிந்ததும் ஆச்சரியமாகிவிட்டது. இரண்டுக்கும் துளி ஒற்றுமை கிடையாது. இன்னும் தேடினால் 'அன்னா அண்ட் தி கிங்' வருகிறது. பினாங்கு, ஈப்போ, லங்காவி என்று நம் நாட்டிலேயே எடுத்த படம். அன்றிலிருந்து எனக்கு இந்த வேலையைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

என் வகுப்பில் எல்லோரும் சொந்த பிராண்ட், பூட்டிக், ஹரி ராயா கலெக்‌ஷன் என்று பேசுகிறார்கள். எனக்கு அதில் மனம் போகவில்லை. ஒரு கதையில் வருகிற ஆளுக்கு உடை செய்ய வேண்டும். வீட்டில் யாரும் தடுக்கவில்லை, ஆனால் அப்பா கேட்கிற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "இதுக்கு யார்கிட்டம்மா போய் வேலை கேப்பே?"

ஜென்னி பீவன் எப்படி இந்த வேலைக்கு வந்தார்? அவரும் ஃபேஷன் படித்தவர்தானா? எனக்குப் படம் வரைவது சுமார்தான், தைப்பது நன்றாக வரும். அது பெரிய குறையா? இந்தத் துறையில் இருப்பவர்கள், பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


கிள்ளான் திரைநேசன் எழுதியது:

நான் படம் பார்ப்பவன் மட்டும்தான். தெரிந்த விவரங்களைச் சொல்கிறேன்.

ஜென்னி பீவன் 1950-இல் லண்டனில் பிறந்தவர். மூன்று ஆஸ்கார் வாங்கியிருக்கிறார். 'எ ரூம் வித் எ வியூ' படத்துக்கு ஜான் பிரைட் என்பவரோடு சேர்ந்து, அப்புறம் 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்', அப்புறம் 'க்ருயெல்லா'. பரிந்துரை மட்டும் 12 முறை. முதல் விருதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஏறக்குறைய 30 வருடம் ஓடியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்த இடைவெளி முழுக்க அவர் வேலை செய்துகொண்டேதான் இருந்தார்.

நீங்கள் சொன்ன 'அன்னா அண்ட் தி கிங்' 1999-இல் வந்தது. தாய்லாந்தில் எடுக்க அந்த நாட்டு அரசாங்கம் அனுமதி தரவில்லை, அதனால்தான் நம் நாட்டுக்கு வந்தார்கள். அதன் உடைகளுக்கும் ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. 2000-ஆம் ஆண்டு விழாவில் அந்த விருதைத் தட்டிச் சென்றவரும் பிரிட்டிஷ்காரர்தான், லிண்டி ஹெம்மிங். அவர் முதலில் நர்ஸ் வேலைக்குப் படித்தவர். அப்புறம்தான் நாடகப் பள்ளிக்குப் போனார். ஜேம்ஸ் பாண்ட் படங்கள், பேட்மேன், வொண்டர் வுமன் என்று அவர் செய்யாதது இல்லை. ஆகவே எங்கிருந்து புறப்பட்டோம் என்பதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.


பினாங்கு ஊசிநூல் எழுதியது:

தங்கச்சி, உன் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் ஜார்ஜ்டவுனில் தையல் கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் இங்கே படம் எடுக்க வந்தால் உடைப் பிரிவில் நாள்கூலிக்குப் போவேன். கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கு உடை மாட்டிவிடுவது, அளவு பிடிப்பது, கிழிந்ததைத் தைப்பது, ராத்திரி உட்கார்ந்து இஸ்திரி போடுவது, இதெல்லாம்தான் என் வேலை. அங்கே இங்கிலாந்திலிருந்து வந்த கைதேர்ந்தவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து தைத்திருக்கிறேன். அவர்களிடம் கேட்டதையும், பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

ஜென்னி பீவன் ஃபேஷன் படித்தவர் இல்லை. அவருடைய அப்பா, அம்மா இரண்டு பேரும் இசைக் கலைஞர்கள். அவர் லண்டனில் சென்ட்ரல் ஸ்கூல் ஆஃப் ஆர்ட் அண்ட் டிசைனில் மேடை வடிவமைப்பு படித்தார். ரால்ஃப் கோல்டாய் என்ற பெரிய மேடை வடிவமைப்பாளர் அவருக்கு ஆசிரியர். 1970-களில் அவர் செய்தது நாடக மேடைக்கு அரங்கம் அமைக்கிற வேலை. அப்போதுதான் தயாரிப்பாளர் இஸ்மாயில் மெர்ச்சன்டும் இயக்குநர் ஜேம்ஸ் ஐவரியும் ஜோத்பூரில் எடுத்த ஒரு சின்னப் படத்தில் உடை வேலைக்குக் கூப்பிட்டார்கள். 1978-இல் வந்த படம் அது. சம்பளம் கிடையாது. அவர் போனார்.

சம்பளமில்லாமல் போ என்று உனக்குச் சொல்ல வரவில்லை. அது எல்லோராலும் முடிகிற காரியமும் இல்லை, நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்பது நியாயமும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ பார்க்க வேண்டும். அதே குழுவோடு 'தி பாஸ்டோனியன்ஸ்' 1984, 'எ ரூம் வித் எ வியூ' 1985, 'மாரிஸ்' 1987, 'ஹோவர்ட்ஸ் எண்ட்' 1992, 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே' 1993. அத்தனைக்கும் பரிந்துரை. ஒரே இயக்குநர், ஒரே தயாரிப்பாளர், பல வருட உறவு. பணம் குறைவான படங்கள்தான், ஆனால் பார்த்தால் தெரியாது. அப்பா கேட்கிற கேள்விக்கு இங்கேதான் ஒரு பதில் இருக்கிறது. இந்த வேலையை விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து வாங்குவது அபூர்வம். ஒரு தடவை சேர்ந்து வேலை பார்த்தவர்கள் அடுத்த தடவையும் கூப்பிடுகிறார்கள். என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஜான் பிரைட் பெயரை மேலே அண்ணன் சொன்னார். அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1965-இல் லண்டனில் காஸ்ப்ராப் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். பழைய காலத்து உடைகளைத் தைத்துப் படங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிற இடம். இங்கிலாந்தில் இப்படி இடங்கள் உண்டு. ஏஞ்சல்ஸ் என்று ஒரு குடும்ப நிறுவனம் 1840-இலிருந்து இதே தொழிலில் இருக்கிறது. பிரைட்டிடம் என்ன விசேஷம் என்றால், நூறு நூற்றைம்பது வருடத்துக்கு முன் மனிதர்கள் உண்மையிலேயே போட்டிருந்த உடைகளைச் சேர்த்து வைத்து, அவற்றின் வெட்டைப் படித்து, அதே வெட்டில் புதிதாகத் தைப்பார். படத்தைப் பார்த்து மேலோட்டமாகச் செய்வதில்லை.

ஏன் அது முக்கியம் என்று ஒரு தையல்காரியாக உனக்குச் சொல்கிறேன். அந்தக் காலத்துப் பெண்கள் சட்டையை எடுத்தால் முதுகுத் துண்டு ஒடுக்கமாக இருக்கும். தோள் தையல் தோள்மேல் உட்காராமல் பின்னால் தள்ளி இருக்கும். அக்குள் வெட்டு சின்னதாக, நன்றாக மேலே ஏறி இருக்கும். அதைப் போட்டால் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்காரவே முடியாது. இன்றைக்குப் பிறந்த நடிகையும் நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஆக வேண்டும். உன் அம்மாவிடம் கேள், நம் ரவிக்கையிலும் அதே கணக்குத்தான். அக்குள் வெட்டை மேலே ஏற்றி வைத்தால் கையைத் தூக்கும்போது ரவிக்கை கூடவே ஏறாது. இறக்கி வெட்டினால் ரவிக்கை முழுக்க மேலே இழுக்கும். நடிப்பு பாதி அங்கேயே வந்துவிடுகிறது. இதை, இடுப்பை இறுக்கிக் கட்டுகிற அந்தக் காலத்துக் கோர்செட்டுக்கு அளவு பிடிக்கிற ஒரு நாளில் நேரில் பார்த்தேன். உள்ளே வரும்போது கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்த பெண், நாடாவை இழுத்துக் கட்டி முடித்ததும் வேறு ஆளாக நின்றாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது 'மேட் மேக்ஸ்'க்கு வா. நமீபியப் பாலைவனத்தில் எடுத்த படம். ஒற்றுமை இல்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. அங்கேயும் அவர் அதே கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறார். இந்த ஆளிடம் என்ன துணி இருக்கும், எங்கிருந்து கிடைத்திருக்கும், எதற்காக இதைப் போட்டிருக்கிறான்? உலகமே அழிந்த பிறகு கடை எது, தையல்காரர் எது? கிடைத்த தோல், பழைய வண்டிச் சாமான், கண்ணில் மணல் போகாமல் இருக்க ஒரு கண்ணாடி. உடம்பில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தனக்கு ஃபேஷனில் ஆர்வம் இல்லை, உடையால் கதை சொல்வதில்தான் ஆர்வம் என்று அவர் பல பேட்டிகளில் சொல்லிவிட்டார். 'க்ருயெல்லா'வோ ஃபேஷன் உலகத்தைப் பற்றிய கதை, அதில் எம்மா ஸ்டோனுக்கு மட்டும் 47 உடைகள். அதையும் அவர் அதே கண்ணோடுதான் செய்திருக்கிறார். அந்தப் பெண்ணின் ஆசை எந்தக் காட்சியில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று உடையை வைத்தே சொல்லிவிடலாம்.

நீ திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய இன்னொரு வேலை 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'. 1962. உடைகள் ஃபிலிஸ் டால்டன், அவரும் பிரிட்டிஷ்காரர். தொடக்கத்தில் லாரன்ஸின் ராணுவ உடுப்பு அளவே சேராது, கால்சட்டை குட்டையாக இருக்கும். அந்த இடத்தில் பொருந்தாத ஆள் என்று வசனமில்லாமலே தெரிந்துவிடும். அப்புறம் வெள்ளை அரபு அங்கி வருகிறது. படம் போகப் போக அந்த அங்கியின் துணியை டால்டன் மெல்லியதாக்கிக்கொண்டே போனார். கடைசியில் அது ஆவி மாதிரி ஆகிவிடும். பார்க்கிறவர்கள் யாரும் துணி மாறியதைக் கவனிப்பதில்லை. ஆள் தேய்ந்துகொண்டே போகிறான் என்பது மட்டும் மனத்தில் ஏறும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு படப்பிடிப்பில் மேற்பார்வை பார்த்த அம்மா. மழை பெய்து வேலை நின்றுபோன ஒரு மத்தியானம், பொத்தான் பிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டுக்குப் போய்ப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு துணியின் கனத்தை வைத்து இவ்வளவு பேச முடியுமா என்று.

சரி, வரைவது பற்றி. வரைந்தால் இயக்குநருக்குப் புரியவைப்பது சுலபம், அவ்வளவுதான். துணித் துண்டு, பழைய புகைப்படம், பத்திரிகையில் வெட்டியது எல்லாவற்றையும் ஒரு அட்டையில் ஒட்டிக் காட்டியும் பேசலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். உண்மையான முடிவுகள் அளவு பிடிக்கிற அறையில் நடக்கும். காடாத் துணியில் ஒரு மாதிரி வெட்டி, நடிகர் மேல் போட்டு, ஊசி குத்திக் குத்தித் திருத்தி, பேனாவால் அதிலேயே கோடு போட்டு, அதைப் பிரித்து வைத்து நல்ல துணியை வெட்டுவார்கள். அந்த அறையில் தைக்கத் தெரிந்தவளுக்குத்தான் மதிப்பு. அதனால் உன் கையில் இருப்பது குறை இல்லை.

துணியைப் பழசாக்குவதற்கென்றே தனி ஆள் இருப்பார் என்பது உன் வகுப்பில் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குப் பிடித்த மேசை அதுதான். புதுச் சட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், பத்து வருடம் உழைத்த சட்டையாக்கித் திருப்பித் தர வேண்டும். உப்புத்தாள், கம்பித் தூரிகை, சீஸ் துருவி. துருவி உடைந்துபோன ஒரு நாள் நான் வீட்டிலிருந்து தேங்காய்த் துருவியைக் கொண்டுபோனேன், அதற்குப் பிறகு அங்கே அதைத்தான் கேட்டார்கள். வெள்ளைத் துணி கேமராவில் கண்ணைக் கூசும், அதனால் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், காய்ச்சி முக்கி எடுப்போம். கோட்டை நனைத்து, பாக்கெட்டில் கல் போட்டு, தொங்கவிட்டுக் காயவைத்தால் பாக்கெட் தொங்கிப்போகும், பல வருடம் கை விட்டது மாதிரி. சும்மா எல்லா இடத்திலும் அழுக்குப் பூசினால் பொய் என்று உடனே தெரிந்துவிடும். ஆள் வலக்கைக்காரரா, குனிந்து வேலை செய்கிறவரா, எதைத் தொட்டுவிட்டு எங்கே கை துடைப்பார், இதையெல்லாம் யோசித்துத்தான் தேய்க்க வேண்டும். கைவிளிம்பு, கழுத்துப் பட்டை, பாக்கெட் வாய், முழங்கால். முதலில் நைவது இந்த இடங்கள்தான்.

நம் ஊருக்கென்று தனிப் பாடமும் உண்டு. குளிர் நாட்டுக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு பினாங்கு வெயிலில் ஒரு ஆள் நிற்கிறார் என்று வை. அக்குளில் பட்டை வைத்துத் தைக்காவிட்டால் முதல் ஷாட்டிலேயே ஈரம் தெரிந்துவிடும். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் முடி உலர்த்துகிற மெஷினைப் பிடித்துக் காயவைப்போம். துவைக்க முடியாத உடையில் வாடை வந்தால் வோட்காவில் தண்ணீர் கலந்து உள்பக்கம் தெளித்துக் காற்றாட மாட்டுவோம். மேடை நாடகக்காரர்களிடமிருந்து வந்த வழக்கம் அது. மழைக் காட்சி என்றால் ஒரே சட்டை நாலு ஐந்து வேண்டும். சண்டைக்காரருக்குத் தனி அளவில் இன்னொரு செட். உடை வடிவமைப்பாளர் பெயர் திரையில் ஒரு நொடி வரும், அந்தப் பெயருக்குப் பின்னால் வெட்டுகிறவர், தைக்கிறவர், சாயம் போடுகிறவர், கடைகடையாக வாங்கி வருகிறவர், செட்டில் நின்று பார்த்துக்கொள்கிறவர் என்று ஒரு படையே இருக்கிறது. அந்தப் படையில் எந்த இடத்திலிருந்தும் மேலே போகலாம்.


சுங்கை பூலோ உடைப்பெட்டி எழுதியது:

அக்கா அருமையாகச் சொல்லிவிட்டார். நான் கோலாலம்பூர் பக்கத்து நிலவரத்தைச் சொல்கிறேன். உள்ளூர்த் தமிழ் நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் உடைப் பொறுப்பு பார்க்கிறேன்.

தங்கச்சி, இங்கே அந்தப் படை கிடையாது. ஒரே ஆள் வாங்க வேண்டும், தைக்க வேண்டும், துவைக்க வேண்டும், எந்தக் காட்சியில் எது போட்டார் என்று படம் எடுத்து வைக்க வேண்டும். நடிகர்களிடமே "உங்க வீட்டு அலமாரியிலிருந்து கொண்டு வாங்க" என்று சொல்லிவிடுகிற தயாரிப்பும் உண்டு. ஏழைத் தோட்டத் தொழிலாளியாக நடிப்பவர் போன தீபாவளிக்கு எடுத்த சட்டையில் வந்து நிற்பார். எனக்கு வயிறு எரியும். ஆனால் இந்தச் சூழ்நிலையில் எல்லா வேலையும் உங்கள் கையில் வரும், கற்றுக்கொள்ள அதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

துணிக்கு மஸ்ஜித் இந்தியா, துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை. பழைய உடைக்குப் பண்டல் கடைகள், ஞாயிற்றுக்கிழமை அம்கார்ப் மால் சந்தை. சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பழைய கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, கைப்பை எல்லாம் சீக்கிரம் போய்விடும். தேசிய ஜவுளி அருங்காட்சியகம் டத்தாரான் மெர்டேக்கா பக்கத்தில்தான் இருக்கிறது, ஒரு முழுநாள் ஒதுக்கிப் போய் வாருங்கள்.

இரண்டு பேரைப் பற்றிக் கட்டாயம் படியுங்கள். ஒருவர் சாண்டி பவல். ஜென்னி பீவன் படித்த அதே சென்ட்ரல் ஸ்கூலில் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே நாடகக் குழுக்களோடு வேலைக்குப் போனவர். நடனக் கலைஞர் லிண்ட்சே கெம்ப், இயக்குநர் டெரெக் ஜார்மன் என்று பணமே இல்லாத, ஆனால் கற்பனை நிறைய உள்ளவர்களோடு தொடங்கினார். முதல் படம் 1986-இல் வந்த 'கரவாஜியோ'. இன்றைக்கு மூன்று ஆஸ்கார், 2023-இல் பிரிட்டிஷ் திரைப்பட அகாடமி தருகிற பாஃப்டா ஃபெல்லோஷிப். அந்த கௌரவம் ஒரு உடை வடிவமைப்பாளருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. 'தி ஃபேவரிட்' படத்தில் அரண்மனைச் சமையலறை ஆட்களுக்குப் பழைய ஜீன்ஸ் துணியை வெட்டித் தைத்திருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டுக் கதையில் ஜீன்ஸ்! பண்டல் கடை வாசலில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

இன்னொருவர் பானு அதையா. 1982-இல் வந்த 'காந்தி' படத்துக்கு ஆஸ்கார் வாங்கிய முதல் இந்தியர். பிரிட்டிஷ்காரர் ஜான் மோலோவோடு சேர்ந்து வாங்கினார். மோலோ ராணுவச் சீருடைகளின் வரலாற்றை ஆராய்ந்து புத்தகம் எழுதிக்கொண்டிருந்தவர். உடை வடிவமைப்பாளராக அவருக்கு முதல் படமே 'ஸ்டார் வார்ஸ்'. பானு அதையா பம்பாயில் ஓவியம் படித்து, பெண்கள் பத்திரிகைக்கு உடைப் படங்கள் வரைந்து, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தவர்.


செந்தூல் மலர் எழுதியது:

அக்கா, அண்ணன்மார்களே, மிக்க நன்றி. அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அக்குள் வெட்டு விஷயத்துக்கு "சரியாத்தான் சொல்றாங்க" என்றார். அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்று கேட்கலாமா? என் தோழி ஒருத்தி படிப்புக்காகக் குறும்படம் எடுக்கிறாள். 1960-களில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிற, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற, ஒரு அம்மாவின் கதை. உடையை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். பணம் ரொம்பக் குறைவு. பழைய குடும்பப் புகைப்படங்கள் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன், எல்லாவற்றிலும் பட்டுப் புடவையும் நகையுமாக இருக்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது அக்கா?


பினாங்கு ஊசிநூல் எழுதியது:

தங்கச்சி, அந்தப் படங்கள் ஸ்டூடியோவில் எடுத்தவை. அந்தக் காலத்தில் படம் எடுப்பதென்றால் இருப்பதிலேயே நல்லதை உடுத்திக்கொண்டு, சில சமயம் நகையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். திருவிழாக் காட்சிக்கு அவை உதவும். வேலைக் காட்சிக்கு உதவாது. அதற்குத் தோட்டத்தில் வேலை செய்த பாட்டிகளிடம்தான் போக வேண்டும். போய், "என்ன உடுத்தினீர்கள்" என்று மட்டும் கேட்காதே. "காலையில் எழுந்ததும் எதை முதலில் மாட்டினீர்கள், திரும்பி வந்து எங்கே கழற்றிப் போட்டீர்கள், அதை யார் துவைத்தது, கிழிந்தால் என்ன செய்தீர்கள்" என்று கேள். அப்போது தானாகக் கொட்டும். எங்கள் பெரியம்மா அப்படித்தான் சொன்னார். வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொள்வார்களாம், கொசுவுக்கும் பாலுக்கும். தலையில் துணி. சட்டைப் பொத்தான் ஒன்றுகூட மற்றதோடு பொருந்தாது.

அந்தச் சட்டை ஆண் சட்டை என்பதைப் பார்க்கிறவர்களுக்குத் தெரியவிடு. தோள் தையல் கைக்கு இறங்கி நிற்கட்டும், கைநீளத்தை மடித்து விடு. அந்த வீட்டில் புதுத்துணி யாருக்கு வாங்குவார்கள், பழசு யாருக்குப் போகும் என்பது அதிலேயே வந்துவிடும்.

ரப்பர்ப் பால் துணியில் காய்ந்தால் பழுப்பாகி, அப்புறம் கறுத்து, விறைத்துப்போகும். வெள்ளையாக இருக்காது. மர வேலைக்கு வைத்திருக்கிற வெள்ளைப் பசையில் பழுப்பு அக்ரிலிக் பெயின்ட் கொஞ்சம் கலந்து, துளித்துளியாகச் சொட்டவிட்டுப் பார். முதலில் ஒரு துண்டுத் துணியில் செய்து, காயவைத்து, உன் தோழியின் கேமராவில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டையில் கை வைக்க வேண்டும். கையால் பார்ப்பது ஒன்று, கேமரா பார்ப்பது வேறு. பால் வாளியை எந்தக் கையில் தூக்குகிறாள் என்று நடிகையிடம் கேட்டு, அந்தப் பக்கம்தான் கறை அதிகம் வர வேண்டும். விடியுமுன் மரம் வெட்டப் போகிற காட்சியில் நிறம் எதுவும் தெரியாது, உருவம் மட்டும்தான் தெரியும். அங்கே தலைத்துணியின் கட்டு சரியாக இருந்தால் போதும், பணத்தை மற்றக் காட்சிகளுக்கு வைத்துக்கொள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, கதையை நாள்நாளாகப் பிரித்து எழுது. படப்பிடிப்பு நாள் வேறு, கதைக்குள் நடக்கிற நாள் வேறு. கதையின் முதல் நாள் எந்தெந்தக் காட்சி, அவள் உடம்பில் என்ன இருக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது. இரண்டாவது நாள் அதே சட்டையா, துவைத்ததா, துவைக்காததா. எல்லா உடைப் பிரிவிலும் முதல் வேலை இதுதான், பெரிய படமானாலும் சரி, பத்து நிமிடப் படமானாலும் சரி. இரண்டு பக்கம் எழுதினாலே எத்தனை உடை வேண்டும், எத்தனை நகல் வேண்டும், எவ்வளவு செலவு என்று தெரிந்துவிடும். அந்தத் தாளைத் தோழியிடம் காட்டிப் பணம் கேள்.

அம்மாவுக்கு ஒரே ஒரு நல்ல புடவை வை, கதையில் ஒரு தடவைதான் வர வேண்டும். கண்ணைப் பறிக்கிற சாயம் இல்லாத, மங்கிய கைத்தறி ஏதாவது. மஸ்ஜித் இந்தியாவில் புதிதாக வாங்காதே, பக்கத்து வீட்டுப் பாட்டி பெட்டிக்குள் இருக்கும். நல்லபடியாகத் திருப்பித் தருவேன் என்று சொல்லி வாங்கு, அதில் மட்டும் கத்தரியோ சாயமோ படக்கூடாது.

கதையைப் பிரித்து எழுதியதும் இங்கேயே போடு. எந்தக் காட்சிக்கு எது ஓடும், எது ஓடாது என்று பார்த்துச் சொல்கிறேன். சட்டை இரண்டு நகல் எடுத்துவிடு, ஒன்றில் கை தப்பினால் இன்னொன்று வேண்டும்.